ஜெர்த்ரூத் என்ற ஜெர்மானியப் பெயருக்கு என்ன பொருள்? பெண் குழந்தைக்கு வைக்கலாமா?

உங்கள் வீட்டிலும் காலமான ஒரு பாட்டியின் பெயரைப் பேத்திக்கு வைக்கும் பேச்சு நடந்து, யாரோ ஒருவர் கைப்பேசியில் தேடிப் பார்த்து "ஈட்டி என்று அர்த்தமாம்" என்று சொல்லித் தடை போட்டிருக்கிறார் என்று ஊகிக்கிறேன். என் தம்பி மகளுக்கு எங்கள் அப்பாயியின் பெயரை வைக்க முனைந்தபோது எங்களுக்கு நேர்ந்தது அதுதான்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். பழைய ஜெர்மானிய மொழிகளில் 'கேர்' என்றால் ஈட்டி; கெர்ஹார்ட், கெர்னோட் போன்ற ஆண் பெயர்களின் முதற்பகுதியும் அதுதான். 'த்ரூத்' என்பது வலிமை. வட ஐரோப்பியப் புராணங்களில் இடியின் கடவுளான தோரின் மகளுக்கும் அதுவே பெயர். பிற்காலத்தில் இந்தச் சொல், 'அன்புக்குரிய' என்று பொருள்படும் 'ட்ரூட்' என்ற சொல்லோடு ஒலி ஒற்றுமையால் கலந்துவிட்டது. எனவே அந்தப் பெயரைக் கேட்டவர்களின் காதில் வலிமையோடு அன்பும் ஒலித்திருக்கும். ஜெர்மனியில் இப்பெயருக்குக் கெர்ட்ராவுட் என்றொரு வடிவமும், ட்ரூடே என்ற செல்லப்பெயரும் உண்டு.

"அகராதியில் 'ஈட்டியின் வலிமை' என்றுதானே இருக்கிறது?" என்று கேட்க இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அக்காலத்து ஜெர்மானியர் இரண்டு சொற்களை இணைத்துப் பெயர் வைத்தபோது, அவை சேர்ந்து ஒரு தொடராகப் பொருள் தர வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. ஹில்டெகுண்ட் என்ற பெண் பெயரின் இரு பகுதிகளுக்கும் போர் என்பதே பொருள். ஆகவே சொல்லுக்குச் சொல் கூட்டிப் பார்த்து, குழந்தையின் கையில் யாரும் ஈட்டியைத் திணிக்க வேண்டாம்.

இப்பெயரைப் பரவச் செய்தவர்கள் இதே பெயர் கொண்ட இரண்டு துறவியர். முதலாமவர் இன்றைய பெல்ஜியத்தில் உள்ள நிவெல் மடத்தின் தலைவி. பிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தாரின் அரசவையில் செல்வாக்குப் பெற்றிருந்த முதலாம் பெப்பினின் மகள். மன்னர் தாகோபெர்ட் முன்னிலையில் ஒரு பிரபுவின் மகனை மணக்க மறுத்துவிட்ட அவர், 659 மார்ச் 17 அன்று முப்பத்து மூன்று வயதில் இறந்தார். மற்றவர் ஜெர்மனியின் ஐஸ்லேபனை அடுத்த ஹெல்ஃப்டா மடத்தில் ஐந்து வயதில் சேர்ந்து, லத்தீனில் ஆன்மிக நூல்கள் எழுதிய மகா ஜெர்த்ரூத் (1256–1302). இவருடைய திருநாள் நவம்பர் 16.

எங்கள் அப்பாயி தம் நாம விழாவை, அதாவது தம் பெயர் கொண்ட புனிதரின் திருநாளை, நவம்பரில்தான் கொண்டாடுவார். உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்கான (இறந்தபின் மோட்சம் சேருமுன் தூய்மை பெறும் ஆன்மாக்களுக்கான) மாதம் என்பதால் அன்று தவறாமல் பூசைக்குப் போவார். ஆனால் அவருடைய செபப் புத்தகத்துக்குள் இருந்த, ஓரம் மஞ்சளித்த சுரூபப் படத்தில் ஒரு கன்னிகை கோலைப் பிடித்து நிற்க, அந்தக் கோலில் ஒரு எலி ஏறிக்கொண்டிருக்கும். சிறுவயதில் அந்த எலி எதற்கு என்று நான் கேட்டபோது அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பல ஆண்டுகள் கழித்து, பெர்லினில் 'கெர்ட்ராவுடன்' என்று பெயர் கொண்ட பாலத்தின் மீது 1896இல் நிறுவப்பட்ட வெண்கலச் சிலையின் நிழற்படத்தைப் பார்த்தேன். அதில் ஜெர்த்ரூத் ஓர் இளம் வழிப்போக்கனுக்குப் பருகக் கொடுக்கிறார். அவர் காலடியில் எலிகள் இருக்கின்றன. எலி நிவெல் ஜெர்த்ரூத்துக்கு உரியது. அவர் பயணிகளுக்கும் தோட்டக்காரர்களுக்கும் பாதுகாவலர். எலித் தொல்லை நீங்கவும் மக்கள் அவரை வேண்டினர். குளிர்காலத்தில் நூல் நூற்பதை நிறுத்தி, தோட்ட வேலையைத் தொடங்கும் நாளாக மார்ச் 17 கருதப்பட்டது. அப்பாயி ஒருவரின் படத்தை வைத்துக்கொண்டு மற்றவரின் திருநாளைக் கொண்டாடியிருக்கிறார். அதில் குறையொன்றும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

ஜெர்மனியிலேயே இது இன்று பாட்டிமார் பெயராகத்தான் கருதப்படுகிறது என்பது உண்மை. இருந்தாலும் நாங்கள் அந்தப் பெயரைத்தான் வைத்தோம். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். அப்பாயியின் பெயர் மூன்று ஆவணங்களில் ஜெர்துருது, செத்ருத், கெர்ட்ரூட் என்று மூன்று விதமாக இருந்ததால், அவருடைய குடும்ப ஓய்வூதிய விண்ணப்பத்தை ஓர் அலுவலகம் மூன்று முறை திருப்பி அனுப்பியது. தள்ளாத வயதில் அவர் படியேறி இறங்கியதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஞானஸ்நானப் பதிவேட்டிலும் பிறப்புச் சான்றிதழிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கிறதா என்று வாசித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.