சோப்பு, சீரம், க்ரீம்: தோலைப் பற்றிய உங்கள் கேள்விகள்

சோப்பும் க்ரீமும் தயாரிக்கும் துறையில் ஃபார்முலேஷன் வேலை பார்க்கிறேன், டாக்டர் இல்லை. அதனால் சீழ், கொப்புளம், பரவிக்கொண்டே போகும் தடிப்பு இதையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள், தோல் டாக்டரிடம் போங்கள். தோலின் மேல் அடுக்கு எப்படி வேலை செய்கிறது, நாம் பூசுவதும் கழுவுவதும் அதை என்ன செய்கிறது என்று எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள்.

கேள்வி (மதுரை): அக்கா, எதற்கெடுத்தாலும் ஸ்கின் பேரியர் என்கிறார்கள். அது உண்மையில் என்ன?

தோலின் ஆக மேலே இருக்கும் செத்த செல்களின் அடுக்குதான் அது. கை, வயிறு போன்ற இடங்களில் பதினைந்து இருபது வரிசை இருக்கும், எல்லாம் சேர்ந்தும் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கனம்தான். அமெரிக்காவின் பீட்டர் இலியாஸ் இதைச் செங்கல் சுவராக விளக்கினார்: தட்டையான செல்கள் செங்கல், அவற்றுக்கு நடுவில் உள்ள கொழுப்பு பூச்சு. அந்தப் பூச்சில் ஏறக்குறைய பாதி செராமைடு, கால்வாசி கொலஸ்ட்ரால், மிச்சத்தில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போகாமல் பிடித்து வைப்பதும், வெளியில் இருக்கும் சோப்பு, தூசி, கிருமி உள்ளே இறங்காமல் தடுப்பதும் இந்தப் பூச்சுதான்.

இன்னொன்று, இந்த அடுக்கின் மேற்பரப்பு லேசான புளிப்புத் தன்மை உள்ளது, பிஎச் 4.5 முதல் 5.5 வரை (பிஎச் என்பது அமிலம், காரம் பார்க்கும் அளவு, 7க்குக் கீழே அமிலம், மேலே காரம்). செராமைடு தயாரிக்கும் என்சைம்கள் இந்த அமிலத்தன்மையில்தான் ஒழுங்காக வேலை செய்யும். காரம் ஏறினால் அவை மந்தமாகிவிடும், செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் இணைப்புகளை அறுக்கும் வேறு என்சைம்கள் சுறுசுறுப்பாகிவிடும். இது மனதில் இருந்தால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

கேள்வி (திருப்பூர்): காலேஜ் படிக்கிறேன் அக்கா. காலையில் வைட்டமின் சி, சாலிசிலிக் ஃபேஸ்வாஷ், ராத்திரி கிளைக்காலிக், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரெட்டினால். இப்போது வெறும் தண்ணீர் பட்டாலே எரிகிறது. சரிசெய்ய எந்த சீரம் சேர்க்கலாம்?

எதையும் சேர்க்காதே தம்பி, எல்லாவற்றையும் நிறுத்து. தண்ணீர் எரிகிறது என்றால் பூச்சில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று அர்த்தம், அந்த நேரத்தில் நல்லது என்று எதை ஊற்றினாலும் அதுவும் உள்ளே இறங்கி எரியத்தான் செய்யும். காலையில் வெறும் தண்ணீரில் முகம் கழுவு. ராத்திரி நுரை அதிகம் வராத, வாசனை இல்லாத ஒரு கிளென்சர். முகம் ஈரமாக இருக்கும்போதே வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர். பகலில் ஜிங்க் ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன். அவ்வளவுதான்.

இளவயது ஆரோக்கியமான தோலில் ஒருமுறை பூச்சு உரிந்தால் மூன்று நாட்களிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும், வயதானால் இன்னும் நாளாகும். நீ தினமும் உரித்துக்கொண்டே இருந்திருக்கிறாய், அதனால் நான்கு வாரமாவது விட்டுப் பிடி. பிறகு ஒன்றே ஒன்றை மட்டும், வாரத்துக்கு இரண்டு நாள் என்று ஆரம்பி. நான்கு வாரம் எந்த சீரமும் பூசாமல் இருப்பது கடினம் என்று தெரியும், ஆனால் இதற்கு வேறு வழி கிடையாது.

கேள்வி (சேலம்): சீக்கிரம் வெள்ளையாக என்ன க்ரீம் போடலாம்?

அப்படி ஒரு க்ரீம் நான் சொல்ல மாட்டேன். ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிறது என்று யாராவது ஒரு டியூபைக் கொடுத்தால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃப்ளூவோசினோலோன், இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலியும், ரத்தக்குழாய் வெளியில் தெரியும், பரு வரும், நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். எரிச்சல் தாங்காமல் திரும்ப அதையே பூசுவார்கள்.

கேள்வி (நாகர்கோவில்): பேத்திக்கு நான்கு மாதம். தேங்காய் எண்ணெய் தேய்க்கிறோம், மருமகள் ஆலிவ் ஆயில்தான் உசத்தி என்கிறாள். யார் சொல்வது சரி?

அம்மா, இதில் நீங்கள் சொல்வதுதான் சரி, ஆனால் மருமகளிடம் பதமாகச் சொல்லுங்கள். ஆலிவ் எண்ணெயில் ஓலியிக் அமிலம் அதிகம், அது அந்தக் கொழுப்புப் பூச்சின் ஒழுங்கைக் கலைக்கும். தேங்காய் எண்ணெயில் பாதி லாரிக் அமிலம், பெரும்பாலான குழந்தைகளுக்குப் பிரச்சினை தராது. சூரியகாந்தி எண்ணெயில் இருக்கும் லினோலெயிக் அமிலம் செராமைடு உருவாகவே தேவைப்படும் பொருள். வங்கதேசத்தில், டாக்காவின் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகளுக்கு அந்த எண்ணெயைப் பூசியபோது ரத்தத்தில் கிருமித் தொற்று குறைந்ததை 2005ல் வெளியிட்டார்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அடுக்கு உயிரையே காக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

அழுத்தி உருவாதீர்கள். முடி உதிரட்டும் என்று கடலைமாவை வைத்துத் தேய்ப்பதை அடியோடு விடுங்கள்.

கேள்வி (கோவை): டிஎஃப்எம் 76 சதவீதம் இருந்தால் தோலுக்கு நல்ல சோப்புதானே?

இல்லை. டிஎஃப்எம் என்பது சோப்பில் எவ்வளவு கொழுப்புப் பொருள் இருக்கிறது என்ற கணக்கு. நம் நாட்டுத் தர விதிப்படி முதல் கிரேடு டாய்லெட் சோப்புக்குக் குறைந்தது 76 வேண்டும். நிரப்புப் பொருள் குறைவு, சீக்கிரம் கரைந்து போகாது என்று தெரியும். தோலுக்கு இதமா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது, 76 இருக்கும் சோப்புக்கும் பிஎச் 9, 10தான்.

கேள்வி (பொள்ளாச்சி): நான் வீட்டிலேயே தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் போட்டு சோப்பு செய்து விற்கிறேன். ஆறு வாரம் காயவைத்தால் பிஎச் 5.5க்கு வந்துவிடும், பேப்பர் வைத்துப் பார்த்திருக்கிறேன். எல்லா சோப்பையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

வராது. எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து உருவாவதுதான் சோப்பு, அது இயல்பிலேயே காரம். காயவைக்கும்போது தண்ணீர் ஆவியாகும், கட்டி இறுகும், மிச்சமிருக்கும் காஸ்டிக் தீரும், ஆனால் 9க்குக் கீழே பெரிதாக இறங்காது. காய்ந்த கட்டியின் மேல் பேப்பரை ஒட்டினால் வரும் நிறத்தை நம்பாதீர்கள். ஒரு கிராமைச் சீவி 100 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து மீட்டரில் பாருங்கள்.

(அவரே): நான் எலுமிச்சைச் சாறு சேர்க்கிறேன். அது காரத்தை இறக்குமே?

அந்தச் சாறு காஸ்டிக்கோடு சேர்ந்து சோடியம் சிட்ரேட்டாக மாறிவிடும், அவ்வளவுதான். 5.5 வரைக்கும் அமிலம் ஊற்றினால் சோப்பு உடைந்து திரும்பக் கொழுப்பு அமிலமாகிவிடும், கையில் பிசுபிசுவென்று ஒட்டும், நுரை வராது. 5.5ல் நிற்கும் கட்டி வேண்டுமென்றால் அது சோப்பாக இருக்க முடியாது, சின்டெட் பார்தான், அதில் சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் மாதிரி வேறு சலவைப் பொருள் இருக்கும்.

(இன்னொருவர், தஞ்சாவூர்): கம்பெனிக்காரர்களுக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள். சீயக்காயும் பயத்தமாவும் போட்டுக் குளித்த நம் பாட்டிகளுக்கு எந்தத் தோல் நோய் வந்தது?

வந்தது ஐயா, சொறியும் சிரங்கும் ஊரெல்லாம் இருந்தன. ஆனால் சீயக்காயை நான் குறை சொல்லவே மாட்டேன். அதில் சப்போனின் என்ற நுரை தரும் பொருள் இருக்கிறது, கரைசல் லேசான புளிப்பு, அந்த வகையில் சோப்பைவிடத் தோலுக்கு நெருக்கம். பயத்தமாவை நைசாக அரைத்துக் குழைத்துத் தடவினால் நல்லதுதான், நறநறவென்று தேய்ப்பதுதான் கெடுதல்.

பொள்ளாச்சிக்காரருக்கு ஒன்று: உங்கள் சோப்பு மோசம் என்று நான் சொல்லவில்லை. கிளிசரினை எடுத்துவிடாமல், கொஞ்சம் எண்ணெயை மீதி வைத்துச் செய்வதால் அது பல கடைச் சோப்புகளைவிட வறட்சி குறைவாகத் தரும். அதைச் சொல்லி விற்றாலே போதும். 5.5 என்று எழுதி ஒட்டாதீர்கள், எக்சிமா (தோல் வறண்டு அரிக்கும் நோய்) இருக்கும் குழந்தையின் அம்மா அதை நம்பித்தான் வாங்குவாள். தோல் சாதாரணமாக இருப்பவர்கள் எந்த சோப்பையும் அக்குள், தொடை இடுக்கு, பாதம் இவற்றுக்கு மட்டும் போட்டால் சண்டையே இல்லை.

கேள்வி (சென்னை, வேளச்சேரி): போர் தண்ணீர், ஒரே உப்பு. ஷவர் ஃபில்டர் வாங்கலாமா?

குழாயில் மாட்டும் சின்ன ஃபில்டர்கள் கால்சியத்தை எடுக்காது, அதற்கு சாஃப்ட்னர் என்ற, தண்ணீரின் கடினத்தை நீக்கும் கருவி வேண்டும். கடினத் தண்ணீரில் சோப்பு தோலில் படிந்து நிற்கும் என்பது உண்மை. ஆனால் பிரிட்டனில் எக்சிமா உள்ள 336 குழந்தைகளை வைத்துப் பார்த்து 2011ல் வெளியிட்ட ஆய்வில் சாஃப்ட்னரால் நோய் குறையவில்லை. சோப்பைக் குறைத்து, குளித்ததும் மாய்ஸ்சரைசர் போடுங்கள், அந்தப் பணம் மிச்சம்.

கேள்வி (திருச்சி): எந்த பிராண்ட் மாய்ஸ்சரைசர்?

பிராண்ட் சொல்வதில்லை. வாசனை இல்லாதது, கிளிசரின் உள்ளது, கட்டுப்படியாகும் விலை.

கேள்வி (வேலூர்): முகம் கலராக...

சேலத்துக்குச் சொன்னதைப் படியுங்கள். இதற்கு மேல் இந்தக் கேள்வியை எடுக்க மாட்டேன்.

கேள்வி (விழுப்புரம்): தொடையில் படர்தாமரை. மெடிக்கலில் ஒரு டியூப் தந்தார்கள், இரண்டு நாளில் அரிப்பு போச்சு, இப்போது வட்டம் பெரிதாகிவிட்டது.

அந்த டியூபில் நான் மேலே சொன்ன பெயர்களில் ஒன்று இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும், பூஞ்சைக்கு எதிரான உடலின் எதிர்ப்பையும் சேர்த்து அடக்கும், அது பாட்டுக்கு உள்ளே பரவும். தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018லேயே விதியை இறுக்கினார்கள், ஆனாலும் கவுண்டரில் கொடுக்கிறார்கள். அதைப் பூசுவதை நிறுத்துங்கள், டியூபைத் தூக்கிப் போடாமல் தோல் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் இருக்கிறதா என்று பாருங்கள், துண்டைத் தனியாக வையுங்கள்.

கேள்வி (சிவகாசி): ஓட்டலில் பாத்திரம் தேய்க்கிறேன் அக்கா. கை வெடித்து ரத்தம் வருகிறது. விலை உயர்ந்த க்ரீம் எல்லாம் வாங்க முடியாது.

வாங்கவே வேண்டாம் தங்கச்சி. உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது, பாத்திர சோப்பு எடுத்துவிடும் கொழுப்பை ஈடுகட்ட அங்கே எதுவும் ஊறாது. மெல்லிய பருத்திக் கையுறை போட்டு அதன்மேல் ரப்பர் கையுறை போடு, ரப்பர் மட்டும் போட்டால் உள்ளே வியர்த்து ஊறிப்போகும். பருத்தி நனைந்தால் மாற்று. வேலை முடிந்ததும் சாதாரணத் தண்ணீரில் கழுவி, ஈரம் முழுக்கக் காயும் முன் வாசனை இல்லாத பெட்ரோலியம் ஜெல்லி தடவு, தூங்கும் முன் இன்னொரு முறை கனமாக. தண்ணீர் ஆவியாவதைத் தடுப்பதில் அதை மிஞ்ச எந்த விலை க்ரீமும் இல்லை. இரண்டு வாரத்தில் வெடிப்பு மூடவில்லை, அல்லது சீழ் வைக்கிறது என்றால் அரசு மருத்துவமனையில் தோல் பிரிவுக்குப் போய்க் காட்டு. கையுறை வாங்கித் தரச் சொல்லி முதலாளியிடம் கேள்.