பை போயிற்று, பாடு போகவில்லை

கேள்வி: சிஸ்டர், மலக்குடலில் கட்டி என்று எடுத்துவிட்டு, 7 மாதம் வயிற்றில் பையோடு இருந்தேன். மலம் பைக்குள் வர வயிற்றில் போட்டிருந்த துளையை, அதாவது ஸ்டோமாவை, மூடி 5 வாரம் ஆகிறது. இனி எல்லாம் பழையபடி என்றுதான் நினைத்தேன். ஆனால் நாளைக்கு 15 தடவை போகிறேன். எழுந்து வந்து உட்கார்ந்தால் 10 நிமிடத்தில் மறுபடி. ஆசனவாயைச் சுற்றித் தோல் உரிந்து, தண்ணீர் பட்டாலே உயிர் போகிறது. வெளியே போகிற நாளில் சாப்பிடுவதே இல்லை. பேசாமல் பையே இருந்திருக்கலாமோ? (பெயர் வேண்டாம்)

பதில்: கடைசி வரிக்காக வெட்கப்படாதீர்கள். இந்த ஆபரேஷன் முடிந்த புதிதில் பலர் என்னிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு இதையே கேட்டிருக்கிறார்கள். மூடுவதற்கு முன்னால் யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் பாதிப் பயம் குறைந்திருக்கும், அதை நிறைய இடங்களில் செய்வதில்லை என்பது என் பழைய புலம்பல்.

மலக்குடல் வெறும் குழாய் இல்லை, அது ஒரு தொட்டி. வருவதைச் சேர்த்துவைத்து, இப்போது வேண்டாம், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவது அதன் வேலை. அந்தத் தொட்டியில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, மேலே இருந்த பெருங்குடலை இழுத்துத் தைத்திருக்கிறார்கள். அதற்குத் தள்ளத்தான் தெரியும், சேர்த்துவைத்துப் பழக்கமில்லை. கதிர்வீச்சும் கொடுத்திருந்தால் அந்த இடம் இறுகிப்போய் இன்னும் கொஞ்சமாகத்தான் பிடிக்கும். போதாக்குறைக்கு, இறுக்கிப் பிடிக்கிற தசை மாதக்கணக்கில் வேலையில்லாமல் இருந்திருக்கிறது. அதனால்தான் ஒரே தடவையில் போகவேண்டியது நாலைந்து தவணையாக வருகிறது. இதற்கு லோ ஆன்டீரியர் ரிசெக்‌ஷன் சிண்ட்ரோம், சுருக்கமாக லார்ஸ் என்று பெயர். டென்மார்க்கில் உருவாக்கி 2012-ல் வெளியான 5 கேள்விகள் கொண்ட ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. மொத்தம் 42, 30-ம் அதற்கு மேலும் என்றால் கடுமையான பாதிப்பு. அடுத்த முறை போகும்போது அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். "அடிக்கடி போகிறது டாக்டர்" என்றால் "போகப் போகச் சரியாகும்" என்று அனுப்பிவிட முடியும், 36 என்ற எண்ணை அப்படி அனுப்ப முடியாது.

எப்போது சரியாகும்? முதல் சில மாதங்கள்தான் மோசம். 6 மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் பலருக்கு நன்றாகவே குறைகிறது, சிலருக்கு 2 வருடம் வரை மெல்ல மெல்ல முன்னேற்றம் இருக்கும். ஆனால் பழைய வயிறு அப்படியே திரும்பிவிடும் என்று நான் சொல்லமாட்டேன்.

எரிச்சலுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்களை இப்போது வாட்டுவது அதுதான். தண்ணீராக வருகிற மலத்தில் பித்தமும் செரிமானச் சாறுகளும் கலந்திருக்கும், அவை தோலையே அரிக்கும். அதன்மேல் காகிதத்தால் ஒரு நாளைக்கு 15 தடவை தேய்த்தால் என்ன ஆகும்? முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள். வெதுவெதுப்பான தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவுங்கள், சோப்பு வேண்டாம், வாசனை போட்ட ஈரத்தாள் வேண்டவே வேண்டாம். மெத்தென்ற பருத்தித் துணியால் ஒற்றி, இரண்டு நிமிடம் காற்றாட விடுங்கள். பிறகு ஜிங்க் ஆக்ஸைடு கலந்த கிரீமைக் கெட்டியாகப் பூசுங்கள்.

இங்கேதான் எல்லாரும் தப்பு செய்கிறார்கள். அடுத்த தடவை போய்வந்ததும் கிரீமையும் சேர்த்துச் சுரண்டிக் கழுவிவிட்டுப் புதிதாகப் பூசுகிறார்கள். ஒருவருக்கு எவ்வளவு சொல்லியும் புரியவில்லை. அவர் புறங்கையில் கொஞ்சம் கிரீமைத் தடவி, மேலே தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது, வெள்ளைப் பூச்சு அசையவில்லை. அதேபோல அழுக்கு மட்டும் போனால் போதும். வெள்ளை அப்படியே இருக்கட்டும், அதன்மேலேயே இன்னொரு பூச்சு. குளிக்கும்போது ஒரு தடவை முழுவதும் எடுத்தால் போதும்.

தோல் உரிந்து நீர் கசிகிற இடத்தில் கிரீம் ஒட்டாது. பை வைத்திருந்த காலத்து ஸ்டோமா பவுடர் வீட்டில் மிச்சம் இருக்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதை லேசாகத் தூவி, அதிகப்படியைத் தட்டிவிட்டு, மேலே கிரீம். சிவப்பைச் சுற்றிப் பொட்டுப்பொட்டாகத் தெரிந்து அரிப்பும் இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம், அதற்கு வேறு மருந்து, காட்டிவிட்டு வாங்குங்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பை நீங்களாகத் தடவினால் தோல் இன்னும் மெலிந்துபோகும்.

சரி, சாப்பிடாமல் இருப்பது. இது உதவாது. வயிறு காலியாக இருந்தாலும் பித்தமும் சாறுகளும் ஊறிக்கொண்டுதான் இருக்கும், வருவது இன்னும் நீர்த்து, இன்னும் எரியும். கொஞ்சம் கொஞ்சமாக, நேரம் தவறாமல் சாப்பிடுங்கள், ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடியுங்கள். சோறு, வாழைப்பழம், உருளைக்கிழங்கு போன்றவை கெட்டிப்படுத்தும். காரம் உள்ளே போகும்போது ஒரு தடவை எரித்தால் வெளியே வரும்போது இன்னொரு தடவை எரிக்கும். காபியும், சர்பிட்டால் போட்ட 'சர்க்கரை இல்லாத' மிட்டாய்களும் ஓட்டத்தைக் கூட்டும். லோபெரமைடு மாத்திரை உதவும். ஆனால் கிருமித்தொற்றால் வந்த பேதி இல்லை என்று டாக்டர் பார்த்த பிறகுதான், அவர் சொல்லும் அளவில்தான். அதை ஓடிவிட்டு வந்து போடுவதைவிடச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போடுவது நல்லது. நேரத்தை மாற்றியதிலேயே நிம்மதி அடைந்தவர்கள் உண்டு.

கேள்வி: என் கணவருக்கு நேர் எதிர். மூடி 3 மாதம் ஆகிறது. இரண்டு நாள் ஒன்றுமே இல்லை, மூன்றாம் நாள் காலையிலிருந்து மத்தியானம் வரை பாத்ரூமே கதி. எனிமா கொடுக்கலாமா?

பதில்: நீங்களாகக் கொடுக்காதீர்கள், அம்மா. உள்ளே தைத்த இணைப்பு இருக்கிறது, எனிமாவோ உள்ளே வைக்கிற மருந்தோ எதுவானாலும் ஆபரேஷன் செய்த டாக்டர் சரி என்று சொல்லவேண்டும். இந்த 'சேர்த்துவைத்துக் கொட்டுவது' லார்ஸின் இன்னொரு முகம், வேறு நோய் என்று பயப்படவேண்டாம். இசப்கோல் போல நீரில் ஊறும் நார்ச்சத்தை அரை டீஸ்பூனில் தொடங்கித் தினமும் எடுத்தால், கட்டியாவதும் ஓடுவதும் இரண்டுமே ஓரளவு நடுவுக்கு வரும். போதுமான தண்ணீரோடு எடுக்கவேண்டும். காலுக்கடியில் சின்ன ஸ்டூல் வைத்துக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள். முக்கவேண்டாம், 10 நிமிடத்துக்குமேல் உட்காரவும் வேண்டாம்.

ஆனால் வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் அது மலச்சிக்கல் கணக்கு இல்லை. பேதி மருந்து கொடுத்துப் பார்க்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சல், கடும் வயிற்றுவலி, கட்டிகட்டியாக ரத்தம் போனாலும் அப்படித்தான்.

கேள்வி: காற்று என்று நினைத்துவிட்டால் உள்ளாடை நனைகிறது. 40 வயதில் இதை யாரிடம் சொல்ல?

பதில்: என்னிடம் சொல்லிவிட்டீர்களே, அடுத்து டாக்டரிடம். வந்திருப்பது காற்றா நீரா என்று பிரித்துச் சொல்கிற உணர்வும் அந்தத் தொட்டியோடு கொஞ்சம் போயிருக்கிறது. அவர் சரி என்றதும் பயிற்சியைத் தொடங்குங்கள். காற்றை அடக்குவதுபோல ஆசனவாயை உள்ளிழுத்து 5 விநாடி பிடித்து, 10 விநாடி முழுக்கத் தளர்த்தவேண்டும். மூச்சைப் பிடிக்காதீர்கள், தொடையையும் பிட்டத்தையும் இறுக்கினால் பயன் இல்லை. மாதக்கணக்கில் செய்தும் மாறவில்லையென்றால், தசை இறுகுவதைக் கருவியில் பார்த்துக்கொண்டே பழகும் பயோஃபீட்பேக் பயிற்சி இருக்கிறது. ஆசனவாய் வழியாகத் தண்ணீர் செலுத்திக் குடலைக் கழுவும் முறையும் இருக்கிறது. கற்றுக்கொடுக்கும் நர்ஸ் இருக்கும் இடத்தில் கேளுங்கள். அதுவரைக்கும் பெரிய பேட் வேண்டியதில்லை, மடித்த ஒரு துண்டு காஸ் துணியைப் பிட்டத்து மடிப்பில் வைத்துக்கொண்டால் போதும், நடந்தால் நகராது, வெளியே தெரியாது. நனைந்ததும் மாற்றிவிடுங்கள், தோல் விஷயம் மேலே எழுதியிருக்கிறேன்.