ஜீன்ஸ்: ஒட்டும் நீலம், கழன்ற ரிவெட்

கேள்வி: புது அடர்நீல ஜீன்ஸ் வெள்ளை ஷூவிலும் சோபா உறையிலும் நீலத்தை ஒட்டவைக்கிறது. கடையில் கேட்டால் "ஜீன்ஸ்னா அப்படித்தான்" என்கிறார்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்குமா?

பதில்: நிற்காது. உப்பு வேறு சில சாயங்கள் துணியில் ஏறத் துணைசெய்யும். இண்டிகோவிடம் அது செல்லாது, வினிகரும் அப்படியே.

கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. ஜீன்ஸ் துணியான டெனிமில் பாவு நூலுக்கு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, மட்டும்தான் நீலம். குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளை. உள்பக்கம் வெளிறித் தெரிவது அதனால்தான். பாவிலும் சாயம் நூலின் நடுவரை இறங்குவதில்லை. இண்டிகோ, அதாவது அவுரி நீலம், தண்ணீரில் கரையாது. ரசாயனம் சேர்த்துக் கரைத்த தொட்டியில் நூலை முக்கி, காற்றில் காட்டினால் மறுபடி நீலமாகி நூலின் மேல்தோலில் படியும். இப்படிப் பல முக்கு. ஓரத்தில் ஒரு நீல நூலை உருவி, பிளேடால் குறுக்கே வெட்டிப் பாருங்கள்: சுற்றி நீல வளையம், நடுவில் வெள்ளை. உரசினால் அந்த வளையம் தேயும். முழங்கால் வெளுத்து எல்லாருக்கும் பிடித்த அந்தப் பழைய தோற்றம் வருவதும் இதே 'குறை'யால்தான்!

உள்பக்கத்தை வெளியே திருப்பி, சூடில்லாத தண்ணீரில், தனியாக 2, 3 முறை அலசுங்கள். மேலோட்டமாக ஒட்டியிருக்கும் தூள் பெரும்பாலும் போய்விடும். 5 முறை துவைத்த பிறகும் உலர்ந்த வெள்ளைத் துணியால் தேய்த்தாலே பளிச்சென்று நீலம் வந்தால், அது இயல்பு அல்ல. பில்லோடு போய்க் கேளுங்கள்.

கேள்வி: முன்பாக்கெட் மூலையில் இருந்த செம்பு ரிவெட் (குட்டி உலோகக் குமிழ்) கழன்று ஓட்டை விழுந்துவிட்டது. வெறும் அலங்காரம்தானே?

பதில்: ஜீன்ஸ் பிறந்ததே அந்த ரிவெட்டால்தான். அமெரிக்காவில் நெவாடா மாநிலத்து ரீனோ ஊர்த் தையற்காரர் ஜேக்கப் டேவிஸ், கூலியாட்களின் கால்சட்டை பாக்கெட் மூலையில் கிழிவதைப் பார்த்து அங்கே செம்பு ரிவெட் அடித்தார். தனக்குத் துணி விற்றுவந்த லீவை ஸ்ட்ராஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1873 மே 20 அன்று காப்புரிமை பெற்றார். பின்பாக்கெட் ரிவெட்டுகள் நாற்காலியையும் குதிரைச் சேணத்தையும் கீறியதால், 1937-இல் அவற்றைத் துணிக்குள் மறைத்தார்கள். பிறகு அந்த இடத்தை நெருக்கமான கட்டுத்தையல் பிடித்துக்கொண்டது. (வலது முன்பாக்கெட்டுக்குள் இருக்கும் குட்டிப் பாக்கெட், சங்கிலிக் கடிகாரம் வைக்க.)

ஆகவே ரிவெட் இல்லாமலும் மூலை தாங்கும். தையல் இல்லாமல் தாங்காது. உள்ளே ஒரு டெனிம் துண்டு வைத்து, ஓட்டையின் மேல் கட்டுத்தையல் போடச் சொல்லுங்கள். அடுத்த முறை வாங்கும்போது ரிவெட்டின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பாக்கெட் ஓரம், மடிப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருந்தால் சரி. மெல்லிய ஒற்றைத் துணியில் குத்தியிருந்தால் ஓட்டையை விலைகொடுத்து வாங்குகிறீர்கள்.

கேள்வி: கால் நீளத்தை வாங்கிய அன்றே வெட்டித் தைக்கலாமா?

பதில்: வேண்டாம். ஒருமுறை துவைத்துக் காயவைத்த பிறகு அளவெடுங்கள். 'சான்ஃபரைஸ்டு' என்று இருந்தால் ஆலையிலேயே சுருக்கிய துணி, அதிகம் குறையாது. சுருக்காத டெனிம் 10% வரை இறங்கும். 34 அங்குலத்தில் 3 அங்குலத்துக்கு மேல் போய்விடும்.