பதில்: அம்மாவின் முட்டிவலியும் சின்சே குத்தும் ஊசியும்

தம்பி, மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைப் பழம் பொறுக்கும் உங்கள் அம்மாவுக்கு, டவுன் சின்சே (சீன வைத்தியர்) முட்டியைச் சுற்றி மருந்தில்லாத அக்குபங்சர் ஊசி குத்தியதும் வலி தணிந்து, சில நாளில் பழையபடி வந்துவிட்டது, இது நிஜமா மனப்பிரமையா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம்தான்.

சின்சே சொல்லும் 'ச்சி' என்ற உயிர்சக்தி ஓடும் பாதைகளை உடலை அறுத்துப் பார்த்தவர்கள் யாரும் கண்டதில்லை. ஆனால் ஊசி நரம்பைத் தூண்டுகிறது, சேதி தண்டுவடம் வழியாக மூளைக்குப் போகிறது, மூளை எண்டார்ஃபின் என்ற தன் சொந்த வலிமருந்தைச் சுரக்கிறது. 1970களில் அதைத் தடுக்கும் நலோக்சோன் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது ஊசியின் பலன் குறைந்தது. குத்திய இடத்திலும் வேலை நடக்கிறது. 2010இல் எலிகளின் முட்டிக்குக் கீழே ஊசியைக் குத்தித் திருகியபோது, அங்கே அடினோசின் என்ற வேதிப்பொருள் பெருகி வலியை அடக்கியது. சின்சே திருகும்போது அம்மாவுக்குக் கனமாக ஒரு கடுப்பு தெரிந்திருக்குமே, தோலுக்கடியில் உள்ள திசு ஊசியைச் சுற்றிப் பிடித்து இழுபடுவது அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். விரலால் அழுத்துவதும் நரம்பு வழி வேலைதான், இடித்துக்கொண்ட இடத்தை நாமே தேய்த்துவிடுவது மாதிரி.

சரி, முட்டிவலி ஆய்வுகளில் பெயருக்குக் குத்தும் போலி ஊசியும் கிட்டத்தட்ட அதே ஆறுதலைத் தந்திருக்கிறது. தேய்ந்த குருத்தெலும்பை எந்த ஊசியும் வளர்க்காது. முதலில் அரசு கிளினிக்கில் காட்டி, தொடைத் தசைக்குப் பயிற்சி கேளுங்கள். அப்புறம் ஊசியும் வேண்டுமென்றால், மலேசியாவின் 2016 பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டப்படி பதிவு பெற்றவரா, புது ஊசியைக் கண்ணெதிரே பிரிக்கிறாரா என்று பாருங்கள். அம்மா இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மருந்து சாப்பிடுகிறவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் குத்தவே வேண்டாம்.