காய்ச்சல் விட்டும் கஞ்சிதானா?

கேள்வி: என் அப்பத்தாவுக்கு 74 வயது, எடை 45 கிலோ. ஃப்ளூ காய்ச்சல் விட்டுப் பத்து நாளாகியும் அரிசிக் கஞ்சி, சீரக ரசம் தவிர எதையும் தொடுவதில்லை. கேட்டால், 'லங்கணம் பரம ஔஷதம்' (பட்டினியே சிறந்த மருந்து) என்கிறார். இதனால் எதிர்ப்புச் சக்தி குறையுமா? கவுனி அரிசி கொடுக்கலாமா?
— வாசகி, தேவகோட்டை

முதல் இரண்டு நாள் லங்கணத்துக்கு நான் எதிரி இல்லை. தண்ணீர் உள்ளே போனால் போதும். காய்ச்சலில் பசி அடங்குவது உடம்பே செய்துகொள்ளும் ஏற்பாடு. ஆனால் எல்லாக் காய்ச்சலுக்கும் அது பொருந்தாது. 2016இல் யேல் பல்கலைக்கழகத்தில் ருஸ்லான் மெட்ஷிடோவ் குழுவினர் எலிகளில் சோதித்தார்கள். லிஸ்டீரியா பாக்டீரியா தொற்றியவை குளுக்கோஸ் ஏற்றியபோது இறந்தன. ஃப்ளூ தொற்றியவையோ குளுக்கோஸைப் பயன்படுத்தவிடாமல் தடுத்தபோது இறந்தன. எலிக்குக் கண்டதை அப்படியே அப்பத்தாவுக்குப் பொருத்த முடியாதுதான்.

பத்து நாள் கஞ்சி என்பது வேறு கதை. உங்கள் ஊர்ப் பக்கம் ஆண்டு முழுதும் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் உண்டல்லவா? காவலுக்கு ஒருவர், முகப்பில் ஒரு விளக்கு, அவ்வளவுதான் செலவு. கல்யாணம் என்றால் அத்தனை அடுப்பும் எரியும். கிருமியோடு போராடும் வெள்ளையணுக்களில் ஒரு வகையான டி செல்லும் அப்படித்தான். சும்மா இருக்கையில் சொற்ப எரிபொருளில் காலம் தள்ளும்; கிருமியைக் கண்டதும் குளுக்கோஸை வாரி இழுத்துக்கொண்டு வேகமாகப் பல்கிப் பெருகும். புதிய செல்களைக் கட்ட அமினோ அமிலங்கள் வேண்டும். அவை வந்து சேர்ந்தனவா என்று செல்லுக்குள் எம்டார் என்ற புரதம் பார்த்துக்கொண்டே இருக்கும். சரக்கு இல்லையென்றால் வேலை மந்தமாகும்.

குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தை இந்தச் செல்கள் ஏராளமாகச் செலவழிக்கின்றன. அதன் பெரிய கிடங்கு தசை. தட்டில் புரதம் இல்லாவிட்டால் தசை கரைந்து ஈடுகட்டும். 74 வயதில் கரைப்பதற்குத் தசை எவ்வளவு மிச்சம்? அப்பத்தாவின் கைவளை முன்பைவிட எளிதாக நழுவுகிறதா என்று பாருங்கள்.

கணக்குக்கு வருவோம். நோயிலிருந்து தேறும் முதியவருக்குக் கிலோவுக்கு 1.2 கிராம் புரதமாவது வேண்டும். அப்பத்தாவுக்கு நாளுக்கு 54 கிராம். 30 கிராம் அரிசியில் காய்ச்சிய கஞ்சியில் இருப்பது சுமார் 2 கிராம். அதே கஞ்சியில் 30 கிராம் பாசிப்பருப்பைக் குழைத்தால் 7 கிராம் கூடும். ஒரு முட்டையில் 6 கிராம். கோழி ரசம் கொடுத்தாயிற்று என்று பலர் திருப்திப்படுகிறார்கள். புரதம் பெரும்பாலும் சட்டியில் கிடக்கும் கறியில்தான். அதைப் பஞ்சாகப் பிய்த்துக் கஞ்சியில் போடுங்கள். ஒரே வேளையில் திணிக்காமல் ஐந்தாறு வேளையாகப் பிரியுங்கள்.

சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரதத்தின் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால், இப்படி அரைகுறையாகச் சாப்பிடும்போது சர்க்கரை தாழ்ந்துவிடலாம். மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கவுனி அரிசியா? ஆசைப்பட்டால் தேங்காய்ப்பூவும் நெய்யும் சேர்த்துத் தாராளமாகக் கொடுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் இனிப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். நிறம் கறுப்பானாலும் அதுவும் அரிசிதான். முட்டையின் இடத்தை அது பிடிக்காது.