புவிக்காந்தத்தை அளக்க எந்த உணரி, எந்தக் கம்பி?

பழனி மலையிலுள்ள பண்ணைக்காட்டிலிருந்து ஓர் இயற்பியல் ஆசிரியர் கேட்டிருக்கிறார்: "வரிச்சுருளுக்குள் உள்ள காந்தப்புலம், பள்ளி அருகே உள்ள டிரான்ஸ்ஃபார்மரின் புலம், பூமியின் காந்தப்புலம் பகலில் மாறும் அளவு ஆகிய மூன்றையும் மாணவர்களைக் கொண்டு அளக்க எண்ணியுள்ளோம். 40 கேஜ் எனாமல் கம்பியில் 5,000 சுற்றுகள் சுற்றி ஒரே காயிலாக (சுருளாக) செய்துகொண்டால் மூன்றுக்கும் போதுமா? அல்லது ஹால் உணரி வாங்க வேண்டுமா?"

ஒரே காயில் மூன்றுக்கும் உதவாது. ஒரு சுருளில் மின்னழுத்தம் தோன்ற வேண்டுமானால் அதனூடே செல்லும் காந்தப் பாயம் (புலக்கோடுகளின் மொத்த அளவு) மாறிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே அசையாமல் கிடக்கும் சுருள், 5,000 சுற்றுகள் கொண்டதாயினும், பூமியின் நிலையான புலத்தைக் காட்டாது. பகல் முழுவதும் மெல்ல நிகழும் மாற்றமும் அதற்கு ஏறக்குறைய நிலையானதே. கம்பியின் தடிமனைக் குறிக்கும் கேஜைப் பற்றி யோசிப்பதற்கு முன் புலம் மாறுகிறதா, எவ்வளவு பெரியது என்ற இரண்டையும் முடிவு செய்துகொள்வது நல்லது.

வரிச்சுருளுக்கு, புலத்துக்கு ஏற்ப மின்னழுத்தம் தரும் ஹால் உணரியே போதும். 25 செ.மீ. நீளக் குழாயில் 500 சுற்றுகள் சுற்றி 1 ஆம்பியர் செலுத்தினால் நடுவில் சுமார் 2.5 மில்லிடெஸ்லா, அதாவது 25 காஸ் கிடைக்கும். ஒரு காஸுக்கு 1.4 மில்லிவோல்ட் தரும் எஸ்.எஸ்.49இ போன்ற மலிவான மூன்று கால் உணரியின் வெளியீடு இதற்கு 35 மில்லிவோல்ட் மாறும். சாதாரண மல்டிமீட்டரில் தெளிவாகப் படிக்கலாம். அதன் தட்டை முகம் குழாயின் அச்சுக்குக் குறுக்காக நிற்கும்படி கால்களைச் செங்கோணமாக வளைத்து, ஒரு மூங்கில் குச்சியின் நுனியில் கட்டி உள்ளே நுழைக்க வேண்டும். வளைக்காமல் படுத்தபடி நுழைத்துவிட்டுப் புலமே இல்லை என்று எழுதிவைப்பவர்கள் உண்டு.

டிரான்ஸ்ஃபார்மரின் 50 ஹெர்ட்ஸ் புலத்துக்குத்தான் உங்கள் காயில் பொருத்தமானது. வேலிக்கு வெளியே நின்றே அளக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். 3 செ.மீ. சராசரி விட்டத்தில் 1,000 சுற்றுகள் சுற்றினால், ஒரு மைக்ரோடெஸ்லாவுக்கு ஏறத்தாழ 0.22 மில்லிவோல்ட் வரும். புலம் சிறியதாக இருந்தால் ஒரு ஆப்ஆம்ப் (மின்னழுத்தத்தைப் பெருக்கும் சில்லு) வைத்து நூறு மடங்கு பெருக்கிக்கொள்ளலாம். இதற்கு 40 கேஜ் வேண்டாம், 36 கேஜ் எடுங்கள். ஏறத்தாழ 94 மீட்டர் கம்பியின் மின்தடை 36 கேஜில் 55 ஓம், 40 கேஜில் 140 ஓம் என்றாலும், மீட்டரின் உள்தடை மெகாஓம் கணக்கில் இருப்பதால் இந்த வேறுபாடு அளவீட்டைத் தொடாது. ஆனால் 0.12 மி.மீ. தடிமனே உள்ள 40 கேஜ் கம்பி மாணவர் கையில் எண்ணூறாவது சுற்றில் அறுந்துபோகும். மோட்டார் காயில் கட்டும் கடைகளில் கம்பி எடைக்குத்தான் கிடைக்கும். 36 கேஜில் 50 கிராம் வாங்கினால் இரண்டு காயிலுக்குச் சற்று இழுபறியாக வரும். பி.வி.சி. குழாய்த் துண்டின் மேல் சுற்றுங்கள்; உலோக வளையத்தின் மேல் சுற்றினால் அந்த வளையமே முனைகள் இணைந்த ஒரு மூடிய சுற்றாகி அளவைக் குறைத்துவிடும். முனைகளை மடித்த உப்புத்தாளுக்கிடையே வைத்து, செம்பு முழுவதும் பளிச்சிடும் வரை இழுத்துவிட்டு ஈயம் பூசுங்கள். மீட்டருக்குச் செல்லும் இரு கம்பிகளையும் முறுக்கிவிட வேண்டும். இல்லையெனில் அவற்றிடையே உள்ள இடைவெளியும் ஒரு சுருளாக வேலை செய்யும்.

மூன்றாவதான பூமியின் புல மாற்றமே கடினமானது, உங்கள் ஊருக்கு மிகவும் ஏற்றதும் அதுவே. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனைக்கு அருகே செல்வதால், பழனி மலையில் சுமார் 40 மைக்ரோடெஸ்லா புலம் ஏறக்குறையக் கிடைமட்டமாகவே இருக்கிறது. தரையிலிருந்து 100 கி.மீ.க்குச் சற்று மேலே பகலில் கிழக்கு நோக்கிப் பாயும் மின்னோட்டம் அதை நண்பகலையொட்டி 50 முதல் 100 நானோடெஸ்லா வரை உயர்த்துகிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே புவிக்காந்தத்தைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். ஹால் உணரியில் இந்த மாற்றம் ஒரு மைக்ரோவோல்ட் அளவுக்கே வரும். வெயில் ஏறும்போது உணரியின் அளவு தானாக நகர்வது அதைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே மிகச் சிறிய புல மாற்றத்தையும் காட்டும் ஃப்ளக்ஸ்கேட் உணரி வாங்குங்கள். பணம் போதாவிட்டால் ஆர்.எம்.3100 என்ற காந்த உணரியை எடுத்து, பல அளவீடுகளைச் சராசரி செய்யுங்கள்.

உணரியை வடக்கு தெற்காகப் படுக்கவைத்து, இரு முனையும் அடைத்த பி.வி.சி. குழாயில் அரை மீட்டர் ஆழத்தில் புதைத்தால் வெப்பநிலை பெரிதாக மாறாது, மூடுபனியின் ஈரமும் அண்டாது. தகரக் கூரை, இரும்பு பீரோ, நிறுத்திய ஸ்கூட்டர் எல்லாவற்றிலிருந்தும் விலகியிருக்க வேண்டும். ஒருமுறை நான் மூன்று நாள் எடுத்த பதிவுகள் வீணானதற்குக் காரணம் பெட்டியின் மூடியில் இருந்த ஒரே ஒரு இரும்பு ஆணி. அன்றிலிருந்து பித்தளைத் திருகாணிதான். இங்குள்ள சார்னோகைட் பாறையிலும் காந்தத் தாது உண்டு. பாறையை ஒட்டாமல் மண்ணில் புதையுங்கள்.

உணரியைச் சரிபார்க்க 10 செ.மீ. ஆரமுள்ள இரு வளையங்களை 10 செ.மீ. இடைவெளியில் நிறுத்தி, வளையத்துக்கு 50 சுற்றுகள் 28 கேஜ் கம்பி சுற்றி, இரண்டையும் தொடராக இணையுங்கள். 100 மில்லிஆம்பியரில் நடுவே 45 மைக்ரோடெஸ்லா கிடைக்கும். கம்பி பத்து டிகிரி சூடேறினால் மின்தடை 4 சதவீதம் கூடும் என்பதால், மின்னழுத்தத்தை நம்பாமல் மின்னோட்டத்தையே மீட்டரில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.