பாழடைந்த கோட்டையின் நிலவறையில் நீங்கள் மட்டும் மாட்டிக்கொண்டு, பெட்டிக்குள் கிடக்கும் ரத்தக்காட்டேரி கண் விழித்தால் என்ன செய்வீர்கள்?

முதலில் என் மேல்சட்டையைக் கழற்றி அதன் முகத்தின் மேல் போடுவேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இது சட்டென்று தோன்றிய பதில் இல்லை. இருபது வருடங்களுக்கும் மேலாக இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. நீங்கள் சொல்லும் அதே நிலையில் மாட்டிக்கொண்ட ஒருவனைக் கல்லூரி விடுதியில் ஒரு மழை இரவில் படித்தேன். பிராம் ஸ்டோக்கர் 1897-இல் வெளியிட்ட 'டிராகுலா' நாவலில் வரும் இளம் வக்கீல், ஜொனாதன் ஹார்க்கர். படங்களில் பார்த்தவர்களுக்குக் கதை கொஞ்சம் மாறித் தெரிந்திருக்கும். அதனால் நாவலில் உள்ளபடி சொல்கிறேன்.

லண்டனுக்குப் பக்கத்தில் பர்ஃப்ளீட் என்ற இடத்தில் டிராகுலா பிரபு ஒரு பழைய வீட்டை வாங்குகிறார். அந்தப் பத்திர வேலைக்காகத்தான் ஹார்க்கர் மே மாதத் தொடக்கத்தில் டிரான்சில்வேனியாவுக்குப் போகிறான். போன சில நாட்களிலேயே தான் விருந்தாளி இல்லை, கைதி என்று புரிந்துவிடுகிறது. எந்தக் கதவைத் தொட்டாலும் பூட்டு. வேலைக்காரர் ஒருவர்கூட இல்லை. சாப்பாட்டு மேசையைப் பிரபுவே அடுக்குகிறார், படுக்கையையும் அவரே விரிக்கிறார். பிறகு ஒருநாள் ஜூன் 12, 19, 29 என்று முன்தேதி போட்டு மூன்று கடிதங்களை எழுதி வாங்கிக்கொள்கிறார். கோட்டையை விட்டுக் கிளம்பி பிஸ்ட்ரிட்ஸ் ஊருக்கு வந்துவிட்டேன் என்று கடைசிக் கடிதம் சொல்ல வேண்டும். தனக்கு எந்தத் தேதி வரை உயிர் என்பது அப்போதே ஹார்க்கருக்குத் தெரிந்துவிடுகிறது.

ஜூன் 25, பகல். ஜன்னல் வழியாக வெளியே இறங்கி, சுவரின் கல் இடுக்குகளைப் பிடித்துக்கொண்டு பிரபுவின் அறைக்குப் போகிறான். கீழே அதலபாதாளம். அந்த அறையில் தூசி படிந்த தங்கக் காசுகளைத் தவிர ஒன்றுமில்லை. மூலையில் ஒரு கதவு, வளைந்து இறங்கும் கல் படிக்கட்டு, சுரங்கம் போன்ற வழி. அதன் முடிவில் இடிந்துபோன ஒரு ஜெபக்கூடம், அந்தக் குடும்பத்தின் கல்லறை. புதிதாகத் தோண்டிய மண்ணை நிரப்பிய 50 பெட்டிகள் அங்கே இருக்கின்றன. அதில் ஒன்றில், மண்ணின் மேலேயே, பிரபு கிடக்கிறார்.

அங்கே ஹார்க்கர் செய்வதைக் கவனியுங்கள். குனிந்து நாடி பார்க்கிறான். மூச்சு இருக்கிறதா, இதயம் துடிக்கிறதா என்று பார்க்கிறான். எதுவும் இல்லை. ஆனால் கண்கள் திறந்திருக்கின்றன, இறந்தவரின் கண்ணில் படரும் மங்கல் அவற்றில் இல்லை. உதடு சிவந்திருக்கிறது. சாவி இருக்குமோ என்று பிரபுவின் உடலைத் துழாவப் போகிறான். அந்தக் கண்களைப் பார்த்ததும் அவற்றில் இருக்கும் வெறுப்பைத் தாங்க முடியாமல் வந்த வழியே ஓடிவிடுகிறான். இத்தனைக்கும் அவன் அங்கே நிற்பது பிரபுவுக்குத் தெரியாது.

நான் சட்டம் சார்ந்த மருத்துவத் துறையில் வேலை செய்கிறேன், பிரேதப் பரிசோதனைதான் என் தொழில். அதனால் இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் ஸ்டோக்கரை நினைத்து வியப்பேன். இமை திறந்தபடி இறந்தவர்களின் கருவிழி சில மணி நேரத்திலேயே மங்கத் தொடங்கிவிடும். பிணவறைக்குள் போனதும் எங்கள் பார்வை போகும் முதல் இடங்களில் கண்ணும் ஒன்று. மூச்சு, நாடி, துடிப்பு மூன்றும் சாவு என்கின்றன, கண் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பயம் அந்த இடத்தில்தான் நுழைகிறது.

சரி, ஓடிவிட்டான். அறைக்குத் திரும்பி மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறான். ஐந்து நாள் கழித்து, ஜூன் 30 காலை, மறுபடி இறங்குகிறான். இந்த நாவலில் எனக்கு மிகவும் பிடித்த காரியம் எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். முதல் தடவை இறங்கியபோது கீழே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. இந்தத் தடவை தெரியும். தெரிந்தே அதே சுவர், அதே படிக்கட்டு, அதே பெட்டி. மூடி போட்டிருக்கிறது, ஆணிகள் அடிப்பதற்குத் தயாராகத் தங்கள் இடத்தில் இருக்கின்றன. மூடியைத் தூக்குகிறான்.

பிரபுவுக்குப் பாதி இளமை திரும்பியிருக்கிறது. வெள்ளை முடி கருஞ்சாம்பல் நிறமாகிவிட்டது. கன்னம் உப்பியிருக்கிறது, தோலுக்கு அடியில் சிவப்பு. வாயோரத்திலிருந்து புது ரத்தம் வழிந்து கழுத்துவரை இறங்கியிருக்கிறது. ரத்தம் குடித்துப் பருத்த அட்டை போலக் கிடக்கிறார். ஐந்து நாள் முன்பு தொடக்கூட முடியாமல் ஓடியவன், இப்போது அந்த உடல் முழுவதையும் தடவிச் சாவி தேடுகிறான். கிடைக்கவில்லை. அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது: இந்த ஜந்து லண்டனுக்குப் போய்ச் சேர வழி செய்து கொடுத்தவனே தான்தான். பெட்டிகளில் மண் நிரப்பிய ஆட்கள் போட்டுவிட்டுப் போன ஷவல் ஒன்று பக்கத்தில் கிடக்கிறது. அதை எடுத்து, விளிம்பு கீழே இருக்கும்படி ஓங்கி, முகத்தைப் பார்த்து இறக்குகிறான்.

அந்தக் கணத்தில் தலை திரும்புகிறது. கண்கள் நேராக அவன் மேல் விழுகின்றன.

கை விறைத்து ஷவல் பிடியிலேயே சுழன்றுவிடுகிறது. நெற்றிக்கு மேல் ஓர் ஆழமான வெட்டு மட்டும் விழுகிறது. கை நழுவி ஷவல் பெட்டியின் குறுக்கே விழ, அதை இழுக்கும்போது அதன் விளிம்பு மூடியில் மாட்டி, மூடி தானாகக் கவிழ்ந்து மூடிக்கொள்கிறது. அவன் கடைசியாகப் பார்ப்பது அந்த உப்பிய முகத்தில் இருந்த சிரிப்பைத்தான். அதற்குள் வெளியே நாடோடிகளின் பாட்டும் வண்டிச் சத்தமும் கேட்கிறது. சற்று நேரத்தில் பெட்டிகளுக்கு ஆணி அடித்து ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

இதைப் படித்த பலர் ஹார்க்கரைக் கோழை என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. அதற்குக் காரணம் என் சொந்த அனுபவம்.

பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்த முதல் மாதம். இறந்து ஒன்றரை நாளுக்கு மேலான ஓர் உடல் வந்திருந்தது. முதுகுப் பக்கம் பார்ப்பதற்காக நானும் பிணவறை உதவியாளரும் உடலைப் பக்கவாட்டில் புரட்டினோம். நான் தலைமாட்டில் நின்றேன். புரட்டியதும் தொண்டைக்குள்ளிருந்து நீளமாக ஒரு முனகல் வந்தது. முகம் என் பக்கம் திரும்பியிருந்தது, இமை பாதி திறந்திருந்தது. என் கை தானாக விட்டுவிட்டது. அடுத்து எனக்கு நினைவிருப்பது வாசலில் வேப்பமரத்தடியில் நின்றதுதான்.

அந்த உதவியாளர் என்னைவிட இருபது வயது மூத்தவர். பின்னாலேயே வந்தார். "உள்ள அடைபட்ட காத்து சார். உடம்பப் புரட்டுனா வெளிய வரும். எனக்கும் மொதத் தடவ இப்படித்தான்" என்றார். பத்து நிமிடம் கழித்து, "போலாங்களா சார்?" என்று கேட்டார். போனேன். உள்ளே போனதும் அவர் ஒரு வெள்ளைத் துணியை எடுத்து அந்த முகத்தின் மேல் விரித்தார். "மொகத்த மூடிட்டா கை பேசாம வேல செய்யும் சார்" என்றார். அவர் சொன்னது போலவே நடந்தது. இன்றுவரை உடலைப் புரட்டுவதற்கு முன் நானும் அதையே செய்கிறேன். உங்கள் கேள்விக்கு நான் சொன்ன முதல் வரி அவரிடம் கற்றது.

இந்த விஷயம் கதையோடு முடிந்துவிடுவதில்லை. நாவலுக்கு 170 வருடங்களுக்கு முன்பே, ஆஸ்திரியாவின் ஆட்சியில் இருந்த செர்பியாவில், உண்மையான மனிதர்கள் உண்மையான குழிகளைத் தோண்டிப் பார்த்து இதே காட்சியை எழுதி வைத்திருக்கிறார்கள். 1725-இல் கிசிலோவா கிராமத்தில் பீட்டர் பிளோகோஜோவிட்ஸ் என்ற விவசாயி இறந்தார். அவரைப் புதைத்துப் பத்து வாரம் ஆன பிறகு, எட்டு நாளுக்குள் ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்தான் இரவில் வந்து கழுத்தை நெரித்தார் என்று சாகும்முன் அவர்கள் சொன்னதாக ஊரே நம்பியது. ஃப்ரோம்பால்ட் என்ற அரசு அதிகாரியை வற்புறுத்திக் கூட்டிவந்து குழியைத் திறந்தார்கள். உடல் பெரிதாக அழுகவில்லை, முடியும் நகமும் வளர்ந்திருந்தன, பழைய தோல் உரிந்து அடியில் புதுத்தோல், வாயில் புது ரத்தம். கூரான கட்டையை நெஞ்சில் இறக்கியதும் ரத்தம் கொட்டியது என்று அவர் அறிக்கை எழுதினார். வியன்னா செய்தித்தாளிலேயே அது அச்சானது.

அந்த விவரங்களை என் வகுப்புக்கு வரும் எந்த மாணவரிடம் கொடுத்தாலும் விளக்கிவிடுவார். அழுகும்போது வயிற்றுக்குள் வாயு சேர்ந்து உடல் உப்பும். அந்த அழுத்தத்தில் ரத்த நிறத் திரவம் வாய், மூக்கு வழியாக வெளியே தள்ளப்படும். பார்த்தால் இப்போதுதான் ரத்தம் குடித்தது போலவே இருக்கும். தோல் வற்றிப் பின்வாங்குவதால் நகமும் தாடியும் நீண்டது போலத் தெரியும். மேல்தோல் கழன்றால் அடியில் சிவப்பாகத் தெரிவதுதான் அந்தப் 'புதுத்தோல்'. குளிர்ந்த மண்ணில் ஆழமாகப் புதைத்தால் அழுகுவது மிகவும் மெதுவாகிவிடும். ஸ்டோக்கர் வர்ணிக்கும் வாயோர ரத்தம் ஃப்ரோம்பால்ட் எட்டிப் பார்த்த குழியிலும் இருந்ததுதான்.

1732-இல் அதே செர்பியாவின் மெட்வெஜா கிராமத்துக்குப் போன ராணுவ மருத்துவர் ஃப்ளூக்கிங்கரின் அறிக்கையில் ஒரு வரி வருகிறது. சில வருடங்கள் முன்பு அர்னோல்ட் பாவ்லே என்பவரைப் புதைத்து 40 நாள் கழித்துத் தோண்டி, நெஞ்சில் கட்டையை இறக்கியபோது அவர் முனகினார் என்று ஊர்மக்கள் சொன்னார்களாம். இதைப் படித்த அன்று எனக்கு அந்த வேப்பமரம்தான் ஞாபகம் வந்தது. நெஞ்சுக்கூட்டில் குத்தினால் உள்ளே இருக்கும் காற்று குரல்வளை வழியாகத்தான் வரும். குழியைச் சுற்றி நின்றவர்களுக்கு இதைச் சொல்ல அன்று யாரும் இல்லை. குறுகிய காலத்தில் ஊரில் பலரைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். எந்த நோய், ஏன் வந்தது என்று யாரும் விளக்காத காலம். அவர்களை மூடர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1755-இல் ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசி மரியா தெரேசா தன் மருத்துவர் ஜெரார்ட் வான் ஸ்வீட்டனின் அறிக்கையைக் கேட்டு வாங்கி, இப்படிப் பிணங்களைத் தோண்டுவதைத் தடை செய்தார். நான் மிகவும் மதிக்கும் ஓர் அரசாணை அது.

மறுபடி ஹார்க்கரிடம் வருகிறேன், அவன் கதை அந்த நிலவறையோடு நின்றுவிடவில்லை. கோட்டையிலிருந்து எப்படித் தப்பினான் என்று நாவல் சொல்வதில்லை. புடாபெஸ்ட்டில் ஒரு மருத்துவமனையில், மூளைக் காய்ச்சலில் கிடக்கும்போதுதான் அவனை மறுபடி பார்க்கிறோம். அப்புறம் அக்டோபரில் லண்டன் வீடு ஒன்றில் பிரபுவும் அவனும் நேருக்கு நேர் வருகிறார்கள். கையில் கூர்க்காக்களின் குக்ரி கத்தி. வீசுகிறான், பிரபுவின் உடுப்புதான் கிழிகிறது. கடைசியில் நவம்பர் 6, கோட்டைக்கு அருகே, பனியில், சூரியன் இறங்கும் நேரம். அதே மண், அதே பெட்டி. ஹார்க்கரும் நண்பன் குவின்சியும் மூடியை நெம்பித் திறக்கிறார்கள். உள்ளே அதே கண்கள், அதே வெறுப்பு. மறையும் சூரியனைப் பார்த்ததும் அந்தக் கண்களில் வெற்றிக் களை வருகிறது. அந்த நொடியில் குக்ரி கழுத்தில் இறங்குகிறது. இந்தத் தடவை கை திரும்பவில்லை.

ஜூனுக்கும் நவம்பருக்கும் நடுவில் என்ன மாறியது? எதிரே கிடப்பது என்ன, எதற்கு அடங்கும், எப்போது பலம் கூடும் என்று, ரத்தக்காட்டேரிகளைப் பற்றி அறிந்த பேராசிரியர் வான் ஹெல்சிங் அவனுக்குச் சொல்லித் தந்திருந்தார். பக்கத்தில் ஆள் இருந்தார்கள். நிலவறையில் அவனுக்கு இரண்டும் இல்லை.

ஒரே ஒரு பொருள் மட்டும் இருந்திருக்கலாம். வரும் வழியில் விடுதிக்காரப் பெண் தன் கழுத்திலிருந்து கழற்றி அவனுக்குப் போட்டுவிட்ட சிலுவை. சவரம் செய்யும்போது வெட்டிய ரத்தத்தைப் பார்த்துக் கழுத்தில் பாய்ந்த பிரபு, அந்தச் சிலுவை மாலையில் கை பட்டதும் விலகியதை அவனே பார்த்திருக்கிறான். ஆனால் கெட்ட கனவு வராமல் இருக்கட்டும் என்று அதைப் படுக்கையின் தலைமாட்டில் தொங்கவிட்டு, இனி அங்கேயே இருக்கும் என்று நாட்குறிப்பில் எழுதியும் வைத்தான். நிலவறையில் ஷவலை ஓங்கும்போது அவன் அதை நினைப்பதாக ஒரு வார்த்தைகூட இல்லை. எத்தனை முறை படித்தாலும் அந்தப் பக்கத்தில், 'எடுத்துக்கொள்ளப்பா' என்று மனதுக்குள் கத்திவிடுகிறேன்.

ஆக, நான் அங்கே மாட்டினால் செய்வது இவைதான். பகலில் இறங்குவேன். முகத்தைத் துணியால் மூடிவிட்டுச் சாவி தேடுவேன். கிடைக்காவிட்டால், முகம் மூடியிருக்கும்போதே ஷவலைக் கழுத்தில் இறக்குவேன். கை விட்டுவிட்டால் மேலே ஓடி, மூச்சு வாங்கி, மறுபடி இறங்குவேன். ஜன்னலைத் தாண்டுவதற்கு முன், தலைமாட்டில் தொங்கும் அந்தச் சிலுவையை மறக்காமல் எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வேன்.